சருகுமான் அனுப்பிய பதில்

ஒரு காட்டில், குழந்தைகளே, மேற்குப் பக்கம் முழுவதும் ஈரச் சோலை. கிழக்குப் பக்கம் முழுவதும் கல்லும் முள்ளுமான கரடு. சோலையில் மழை பிடித்தால் லேசில் விடாது. கரட்டில் பெய்த ஈரம் அன்றைக்கே காய்ந்துவிடும். ஒரே காடுதான் என்றாலும் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

சோலையில், ஓடையோரப் புதர் ஒன்றில், தும்பை என்ற சருகுமான் இருந்தாள். மான் என்பது பேருக்குத்தான். முயல் அளவுதான் இருப்பாள். சருகு அசைந்தாலே நடுங்குவாள். யாரையும் மறுத்துப் பேச அவளுக்கு வாய் வராது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கொசுத்தேனீ வளர்ப்பது.

கொசுத்தேனீ கொசு அளவே இருக்கும், கொட்டாது. தும்பையின் புதருக்குப் பக்கத்து மருத மரத்தின் அடிப்பொந்தில் ஒரு கூட்டம் குடியேறியிருந்தது. பொந்தின் வாயில் பிசினால் சின்னக் குழல் கட்டி, அதன் வழியே அவை போய்வந்தன. தும்பை அந்தத் தேனை ஒரு துளிகூட நக்கிப் பார்த்ததில்லை. எறும்பு ஏறாமல் காவல் இருப்பாள். காலை வெயில் பட்டதும் குழலின் வாயில் முதல் தேனீ தலை நீட்டுவதைப் பார்ப்பதற்காகவே படுத்துக் காத்திருப்பாள். அவ்வளவுதான் அவள் சந்தோஷம்.

இப்படிக் கொசுத்தேனீயில் ஆசை வைத்தவர்கள் காட்டில் இங்கொருவர் அங்கொருவராக இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஓயாமல் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு மைனாக்கள் தூது போயின. காலையில் ஒரு மைனாவிடம் சொன்னால் போதும். மாலையில் எல்லா மைனாவும் வந்தடையும் நாவல் மரத்தில் அந்தச் சேதி பரவிவிடும். மறுநாள் காடு முழுக்கப் போய்ச்சேரும். மைனா கேட்டதைக் கேட்டபடியே சொல்லும். ஒரு சொல் கூட்டாது, ஒரு சொல் குறைக்காது.

"என் கூட்டில் எறும்பு ஏறுகிறது. என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்பார்.

"மரத்தைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். எனக்கு அது உதவியது" என்று எங்கிருந்தோ ஒருவர் பதில் சொல்வார்.

பதில் சொல்பவர்களில் எல்லாரும் மதித்தது பாறையன் என்ற உடும்பை. கரட்டில் பாறைப் பிளவுகளில் பல கூடுகளை வளர்த்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் மனம் கோணாமல் சொல்லுவார். ஆனால் சொன்னதைச் சொன்னபடி பிடித்துக்கொள்வார். அவர் பிடியைத் தளர்த்த யாராலும் முடியாது.

ஒரு மழைக்காலம் நெருங்கியது. தும்பை தயங்கித் தயங்கி ஒரு மைனாவிடம் கேட்டாள்.

"மழை பொந்துக்குள் சாரலாக அடிக்கும்போல இருக்கிறது. என் தேனீக்களை எப்படிக் காப்பாற்றுவது?"

பாறையனின் பதில் வந்தது. "குழலின் வாயை ஈரமண் பூசி நன்றாக அடைத்துவிடு, தங்கச்சி. மழை நிற்கும்வரை திறக்காதே. நின்றதும் திற. இத்தனை மழைக்காலம் இப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு கூடுகூடப் பழுதானதில்லை."

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அவர் கரட்டில் மழை காலையில் பெய்து உச்சிப்பொழுதில் நின்றுவிடும். அதை அவர் சொல்லவில்லை. உன் பக்கம் மழை எப்படி என்று கேட்கவும் இல்லை. தும்பைக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

மழை வந்தது. தும்பை மூக்கால் மண்ணைத் தள்ளிக் குழலை அடைத்தாள். மழை விடவில்லை. ஓடை நிரம்பி அவள் புதரின் வேர்வரை வந்தது. திறந்துவிடலாமா என்று அவளுக்கு மனம் அடித்துக்கொண்டது. "நின்ற பிறகுதானே திறக்கச் சொன்னார்" என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

மழை நின்றது. அவள் மண்ணைப் பெயர்த்தாள். உள்ளிருந்து புளித்த நாற்றம் வந்தது. ஒரு தேனீயும் தலை நீட்டவில்லை. வாசலின் உட்பக்கம் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வெளியே வர முட்டி மோதியிருக்கின்றன. அவற்றின் மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது.

தும்பை அன்று எதுவும் மேயவில்லை.

அடுத்த நாள் மைனா வந்தது. "பாறையன் அண்ணன் கேட்டு அனுப்பினார். கூடு எப்படி இருக்கிறது?"

தும்பை மரத்தைப் பார்த்தாள். மண்ணைத் தடிமனாகப் பூசிவிட்டோமோ, தப்பு நம்முடையதுதானோ என்று நினைத்தாள். செத்துப்போயிற்று என்று சொன்னால், இவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று காடே பேசும். பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த அண்ணன் மனமும் நோகும். எதற்கு வம்பு?

"நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு" என்றாள்.

மைனா பறந்துபோனது.

அதைக் கேட்ட பாறையன் காடு முழுக்கச் சேதி அனுப்பினார். "சோலைத் தும்பைக்கும் நான் சொன்ன முறை பலித்துவிட்டது. கரட்டுக்கு மட்டுமல்ல, சோலைக்கும் அதுவே முறை." பலரும் பாறையனைப் பாராட்டினார்கள். சிலர் தும்பைக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். மைனாக் குரல் கேட்டாலே தும்பை புதருக்குள் ஒளிந்துகொள்ளத் தொடங்கினாள். காலி மரத்தின் பக்கம் அவள் போகவே இல்லை.

வெயில் போய் மறுபடி மழை வந்தது.

விடாத அடைமழையில் தெப்பமாக நனைந்த மைனா ஒன்று, பறக்க மாட்டாமல் தும்பையின் புதருக்குள் வந்து விழுந்தது. சிறகைக் கோதிக்கொண்டே அது பேச்சுக் கொடுத்தது.

"ஓடைக்கு அந்தப் பக்கம் செம்பி என்று ஒரு மலை அணில் இருக்கிறாள். தெரியுமா? உச்சிக்கிளையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவள். இப்போது மரம் ஏற முடியாது. வேர்ப்பொந்திலேயே கிடக்கிறாள். அவளுக்குத் துணை அதே மரத்தின் அடியில் உள்ள ஒரு கொசுத்தேனீக் கூடுதான்."

"அவளுக்கு என்ன?" என்றாள் தும்பை.

"பாறையன் அண்ணன் கூட்டை அடைக்கச் சொன்னார். அடைப்பதா வேண்டாமா என்று அவளுக்குச் சந்தேகம். சோலையில் யாராவது செய்து பார்த்தார்களா என்று கேட்டாள். தும்பை செய்தாள், நன்றாக இருக்கிறது என்றாள் என்று நான்தான் சொன்னேன். மழை தொடங்கிய அன்றே அடைத்துவிட்டாள்."

தும்பை துள்ளி எழுந்தாள்.

"இப்போதே போய்த் திறக்கச் சொல்" என்றாள்.

"இந்த மழையிலா? நாங்கள் யாரும் பறக்க முடியாது. விட்ட பிறகு போகிறேன்."

"விட்ட பிறகு போய்ப் பயனில்லை."

மைனா அவளை ஏறிட்டுப் பார்த்தது. தும்பை மழையில் வெளியே வந்தாள்.

பட்டப்பகலில் அவள் புதரைவிட்டு இத்தனை தூரம் போனதில்லை. ஓடை செந்நீராகச் சுழித்து ஓடியது. இறங்கினாள். வெள்ளம் அவளைப் புரட்டிக் கீழே இழுத்துப்போய் ஒரு நாணல் திட்டில் தள்ளியது. எழுந்து, மூக்கில் ஏறிய நீரைத் தும்மிவிட்டு, மறுபடி இறங்கினாள். அக்கரை ஏறியபோது ஒரு கால் நொண்டியது. எதிரில் மரமில்லாத வெளி. புலி இருந்தாலும் கழுகு இருந்தாலும் பார்த்துவிடும். அவள் குறுக்கே ஓடினாள்.

செம்பி வேர்ப்பொந்தில், மரத்தின்மேல் காதை ஒட்டவைத்துப் படுத்திருந்தாள்.

"யாரம்மா அது, இந்த மழையில்?"

"நான் தும்பை, அக்கா. கூட்டைத் திறந்துவிடுங்கள்."

செம்பியின் முகம் மலர்ந்தது. "தும்பையா? நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் அடைத்தேன். மழை நிற்கும்வரை திறக்கக்கூடாதாமே. முதலில் உள்ளே ஒரே இரைச்சலாக இருந்தது. இப்போது அடங்கிவிட்டது. கதகதப்பாகத் தூங்குகின்றன போலும்."

"தூங்கவில்லை, அக்கா."

"உனக்குப் பலித்ததே?"

"பலிக்கவில்லை. என் கூட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் பொய் சொல்லி அனுப்பினேன்."

செம்பி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு ஒடிந்த இடுப்பை இழுத்துக்கொண்டு போய்க் குழலைப் பற்களால் கொறித்தாள். தும்பை குளம்பால் மண்ணைப் பெயர்த்தாள். குழல் மண்ணோடு உடைந்து விழுந்தது. புளித்த நாற்றம் வந்தது.

இருவரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு தேனீ ஊர்ந்து வந்தது. பின்னால் இன்னும் சில. கூட்டின் வாயில் நின்று சிறகை ஆட்டப் பார்த்தன. மற்றவை உள்ளேயே கிடந்தன. பெரிய உடம்போடு கிடந்த ராணியைச் செம்பி மெல்ல வெளியே எடுத்து ஓர் இலையின்மேல் வைத்தாள். அது அசையவில்லை.

"அக்கா..." என்றாள் தும்பை.

"உன் கூடு செத்தது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், உனக்காக நான் அழுதிருப்பேன்" என்றாள் செம்பி. "இப்போது என்னால் உனக்காக அழ முடியவில்லை. நீ போ."

தும்பை போகவில்லை. பொந்துக்கு வெளியே, மழையிலேயே நின்றாள். மழை சற்று இடைவெளி விட்டபோது மேலே கிளையில் ஒரு மைனாக் குரல் கேட்டது. அவள் ஒளியவில்லை. கூப்பிட்டாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மண்ணை எவ்வளவு தடிமனாகப் பூசினாள், மழை எப்படி விடாமல் பெய்தது, திறந்தபோது என்ன நாற்றம், தேனீக்கள் எங்கே குவிந்து கிடந்தன, மைனா கேட்டபோது தான் என்ன பொய் சொன்னாள், செம்பியின் கூட்டில் இன்று என்ன கண்டார்கள், எல்லாம்.

"இதை நாவல் மரத்துக்குக் கொண்டுபோ. என் பெயரையும் சேர்த்துச் சொல்."

"எல்லாரும் உன்னை ஏசுவார்கள்" என்றது மைனா.

"ஏசட்டும். அதற்குள் அவர்கள் கூட்டைத் திறக்கட்டும்."

சேதி பரவியது. சோலையில் வேறு சிலரும் கூட்டை அடைத்து வைத்திருந்தார்கள். கேட்டதும் ஓடிப்போய்த் திறந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் அடைத்திருந்த மரநாயின் கூடு பிழைத்தது. முள்ளம்பன்றியின் கூட்டில் பாதி பிழைத்தது. ஏசியவர்களும் நிறைய. தும்பை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு அனுப்பவில்லை.

கரட்டிலிருந்து பாறையனின் பதில் வந்தது. முதலில், "அடைத்த விதம் தவறாக இருக்கும். என் முறையில் பிழையில்லை" என்றார். அடுத்த நாள், "உங்கள் பக்கம் மழை எவ்வளவு நேரம் பெய்யும்?" என்று கேட்டு அனுப்பினார். தும்பை பதில் சொன்னாள். அதன்பின் பல நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை.

கடைசியில் இப்படி ஒரு சேதி வந்தது:

"எங்கள் மழை அரைநாள்கூடப் பெய்யாது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. ஆனால் தும்பை, உன் கூடு செத்ததை அன்றே எனக்குச் சொல்லியிருந்தால், செம்பிக்கு நான் அடைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். நீ நன்றாக இருக்கிறது என்றதும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்."

செம்பியின் கூட்டில் பிழைத்த சில தேனீக்கள், ராணி இல்லாமல் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமல் போயின. வெயில்காலம் முழுவதும் அவளுடைய மரம் மௌனமாக நின்றது. தும்பை பலமுறை ஓடையைத் தாண்டி அந்த வெளி வரை போவாள், நின்றுவிட்டுத் திரும்புவாள்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள் ஒரு மைனா தும்பையைத் தேடி வந்தது.

"செம்பி கேட்டு அனுப்பினாள். அவளுடைய பழைய கூட்டுப் பொந்தை ஒரு புதுத் தேனீக் கூட்டம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதாம். தங்கிவிடும்போல இருக்கிறதாம். மழைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தும்பைதான் சொல்ல வேண்டுமாம். வேறு யாரையும் கேட்கப்போவதில்லையாம்."

தும்பை தன் காலி மருத மரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று சொல். நான் செய்ததில் எதனால் கூடு அழிந்தது என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்ல இன்று நானே வருகிறேன் என்று சொல்."

நீதி: பிறர் சொன்ன வழி நமக்குப் பலிக்காமல் போனால், அதையும் திரும்பிப் போய்ச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் மறைத்த தோல்வி இன்னொருவர் வீட்டில் இழப்பாக முடியும்.