வரி விளம்பரம்

"அக்கா, நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும்," என்றான் வைரவன்.

தங்கபுஷ்பம் நிமிரவில்லை. நினைவஞ்சலி விளம்பரம் ஒன்றில் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதிய கதைப் புத்தகங்கள் இரண்டே இரண்டு. இரண்டையும் தையல் விட்டுப்போகும்வரை வைரவன் படித்திருந்தான். பகலில் அவளுக்கு வேலை இங்கேதான். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஒரு நாளிதழின் கிளை அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கிக்கொள்வது.

"பி.எட். சீட் கெடச்சிருக்கு. சென்னையில ஒரு சீரியலுக்கு வசனம் எழுத ஆள் கேக்காங்க. எங்க சார் பி.எச்டி. சேருங்காரு. மாமா மெடிக்கல் கடையில வந்து உக்காருங்காரு."

"நாலு."

"எதுல போனா எழுத்தாளன் ஆகலாம்?"

"என்கிட்டயா கேக்க? நான் இங்கல்லா உக்காந்திருக்கேன்."

வைரவன் சிரிக்கவில்லை. எம்.ஏ. முடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவனுடைய கதைகள் அவளிடம் வந்தும் அதே இரண்டு மாதம்.

"என் கதைகளைப் படிச்சீங்களா அக்கா?"

"பதினொண்ணையும் படிச்சேன்."

அவன் காத்திருந்தான்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

அவன் காது மடல்கள் சூடாயின.

உண்மையில் அவனுக்கு வழி தேவைப்படவில்லை. 'நீ எழுதுவே' என்று அவள் ஒருமுறை சொன்னால் போதும். நாலில் எதில் வேண்டுமானாலும் போய்விடுவான். அதை மட்டும் அவனால் கேட்க முடியவில்லை.

படியேறி ஒரு கண்டக்டர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை.

"அம்மா, என் பையன் வீட்டை விட்டுப் போயி எட்டு மாசமாச்சு. பேப்பர்ல போடணும். கால் மணி நேரத்துல வண்டி எடுத்துருவாங்க."

தங்கபுஷ்பம் கட்டம் போட்ட தாள் ஒன்றை வைரவன் பக்கம் தள்ளினாள்.

"தம்பி எழுதுவான். சொல்லுங்க."

"பேரு செல்வின். பத்தொம்பது வயசு," என்று புகைப்படத்தை வைத்தார் கண்டக்டர்.

வைரவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. கை தானாக ஓடியது. எழுதி முடித்துக் குரலெடுத்துப் படித்தான்.

"மகனே செல்வின்! நீயில்லாத வீடு நிலவில்லாத வானம். உன்னைப் பெற்றவளின் கண்ணீர் இன்னும் வற்றவில்லை. எங்கிருந்தாலும் ஓடி வா!"

கண்டக்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு தம்பி. எங்க டிப்போ மேனேஜர் படிச்சா அழுதுருவாரு."

பிறகு தயங்கினார்.

"ஆனா அவன் அம்மா செத்து மூணு வருசமாச்சு. இதைப் பாத்தான்னா வேற எந்தச் செல்வினோன்னு பக்கத்தைத் திருப்பிருவான்."

தங்கபுஷ்பம் இன்னொரு தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

வைரவன் அப்போதுதான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தான். தாடைக்குக் கீழே சவரக்கத்தி படாத ஒரு இடம் நரைத்திருந்தது.

"எதுக்குண்ணே போனான்?"

"ஒரு நாய், தம்பி. பஸ் ஸ்டாண்டுல கெடந்த நொண்டி நாய். தூக்கிட்டு வந்து வளத்தான். நான் நைட் டூட்டி முடிச்சு வந்து படுப்பேன். அது குலைக்கும். ஒருநாள், நாயா நானான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நாயைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

டிக்கெட் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்ப வீடு அமைதியாத்தான் இருக்கு. தூக்கம்தான் வரமாட்டேங்கு."

வைரவன் பேனாவைத் திறந்தான், எழுதவில்லை.

"நாயையும் கூட்டிட்டு வான்னு போடட்டுமா?"

கண்டக்டர் யோசித்தார்.

"நாய்னு போடாதீங்க. அதுக்குப் பேரு இருக்கு. மேஸ்திரி."

"நீங்க அப்படிக் கூப்பிடுவீங்களா?"

"ஒருநாளும் கூப்பிட்டதில்ல," என்றார். சற்றுப் பொறுத்து, "அதனாலதான் சொல்லுதேன்."

வைரவன் எழுதினான். இந்த முறை படித்துக் காட்டாமல் தாளை அவரிடமே கொடுத்தான்.

'செல்வின், மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா.'

கண்டக்டரின் உதடுகள் அசைந்தன. "மேஸ்திரி," என்றார், கூப்பிட்டுப் பார்ப்பதுபோல. தாளை வைத்துவிட்டு நின்றார்.

கீழே ஹாரன் விட்டுவிட்டு அடித்தது.

"அது எங்க டிரைவர்," என்று சொல்லி வேகமாகப் படியிறங்கினார்.

விளம்பரத்தை ஏற்றுக்கொண்டதாகக் குத்தும் முத்திரையைத் தங்கபுஷ்பம் மைப்பெட்டியில் ஒற்றினாள்.

"நாளைக்கு என்ன பதில் சொல்லப்போறே?"

வைரவன் ஜன்னலருகே நின்றிருந்தான். கீழே பஸ் பின்னால் நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"எந்த வழின்னு கேட்டேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

"அக்கா," என்றான். "அவரு டூட்டிக்கு வந்துட்டா வீடு பூட்டித்தானே கெடக்கும்?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"பையன் வந்து பூட்டைப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டான்னா? சாவி பழைய எடத்துலதான் இருக்கான்னு நான் கேக்கவே இல்லையே!"

ஓடினான். படிகள் அதிர்ந்தன.

மை ஒற்றிய முத்திரையைத் தாளின்மேல் வைக்காமல், தங்கபுஷ்பம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.