முதலில் தின்னும் ஏடு

அந்த மடத்தில் விஷக்கடி வைத்தியச் சுவடி ஒன்று இருந்தது. வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. அதைப் படியெடுக்க வந்தவள் வடிவாம்பாள், வயது நாற்பத்தைந்து. அவளுக்கு ஏட்டெழுத்துச் சொல்லிக்கொடுத்த சிவக்கொழுந்து ஐயா அவளைவிடப் பத்து வயது இளையவர். அதனாலென்ன, குரு குருதானே!

வடிவாம்பாளின் புருஷன் பாம்பு கடித்துச் செத்தவன். அவள் ஊர் வைத்தியரிடமும் ஒரு சுவடி இருந்தது. மருந்து எழுதியிருந்த ஏட்டைத்தான் கரையான் தின்றிருந்தது. இனி ஒருத்தி இப்படித் தாலியறுக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

சுவடி இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடி வழியாக இறங்கிய கரையான் சுவடியின் மேல்பலகையைத் தின்று, முதல் ஏட்டையும் தின்று தீர்த்திருந்தது. அது காப்புச் செய்யுள் எழுதிய ஏடு. நூலைக் காக்கும்படி தெய்வத்தை வேண்டும் பாட்டு.

அவளுக்கு வந்ததே கோபம்!

"பிள்ளை கையில் போட்டால் காப்பு. திருவிழாவுக்கு மஞ்சள் கயிறு கட்டினால் காப்பு. நூலுக்கு முன்னால் பாடினாலும் காப்பு. பேருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை! தன்னையே காத்துக்கொள்ளத் துப்பில்லாதது நூலை எப்படி ஐயா காக்கும்?"

ஐயா மிச்ச ஏடுகளைக் காட்டினார். "இதெல்லாம் எப்படி இருக்கிறது, அம்மா?"

"ஓர் எழுத்துகூடச் சேதமில்லை. நல்லவேளை, அதற்குள் திறந்துவிட்டோம்."

"சரி."

"என் பிரதியில் காப்பு கிடையாது. எடுத்த எடுப்பில் மருந்துதான். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி."

"எனக்கென்ன கோபம்? எழுதுங்கள்."

நாலு மாதம் எழுதினாள். மணிக்கட்டு வீங்கியது. ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு நாள்கூட விடவில்லை.

கடைசி நாள் ஏடுகளை அடுக்கி, பலகை வைத்துக் கயிற்றால் கட்டி, ஐயா முன்னால் கொண்டுபோய் வைத்தாள். மனசு நிறைந்திருந்தது.

"மேலே இருக்கிற ஏட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள், அம்மா?"

"நல்லபாம்புக் கடிக்கு மருந்து. எங்கள் ஊரில் இல்லாமல் போன அதே மருந்து, ஐயா."

ஐயா சுவடியைத் தொடவில்லை.

"கரையான் மறுபடி வரும். முதலில் அதைத்தான் கொடுக்கப் போகிறீர்களா?"

வடிவாம்பாள் காப்பு எழுத ஒரு வெற்றேட்டை எடுத்து வைத்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.