குருவம்மாள் சொன்ன எட்டு

சகாயமேரி இருபத்திரண்டு வருஷம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். நாற்பத்தேழாவது வயதில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்க வந்தாள். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை நப்பின்னைக்கு முப்பத்தைந்துதான். சகாயமேரியை வகுப்பில் "சிஸ்டர்" என்பாள். தனியாக இருந்தால் "அக்கா."

தீராத நோயோடு இருப்பவர்களின் வலியைப் பற்றி ஆய்வு. ஊருக்கு வெளியே இருந்த வலிதணிப்பு இல்லத்தில் முப்பது பேரைப் பார்த்து, வலி எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. இருபத்தொன்பது தாள் நிரம்பிவிட்டது.

முப்பதாவது ஆள் குருவம்மாள். ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள். வயிற்றில் புற்றுநோய். கட்டில் ஓரத்தில் மகள் தெய்வானை, ஏழு மாத வயிற்றோடு.

"வலி எத்தனைம்மா?"

"ரெண்டு போட்டுக்கோங்க" என்று குருவம்மாள் சிரித்தாள்.

மகள் வெந்நீர் பிடிக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் குருவம்மாள் சகாயமேரியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எட்டு. அவ காதுல விழுந்திரக் கூடாது. மாசமா இருக்கா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் வரும்போதெல்லாம் இவளும்லா பக்கத்துல நிக்கா."

ரெண்டு என்று நம்பி டாக்டர் எழுதும் மருந்து எட்டுக்கு எந்த மூலைக்கு? சகாயமேரி நேரே நப்பின்னையிடம் போய், மகளுக்காக வலியை மறைக்கும் குருவம்மாளைப் பற்றிச் சொன்னாள்.

"சொன்னது எதையும் வெளியே விட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் மேடம். ஆனா நான் நர்ஸ். டாக்டர்கிட்ட சொல்லலாமா, கூடாதா?"

நப்பின்னை கேட்டாள்: "டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?"

"பத்துக்கு."

"சரி."

அவ்வளவுதான் பதில்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நப்பின்னை அந்த வார்டுக்குள் வந்தாள். ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெய்வானையைத்தான் பார்த்தாள்.

"காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருக்கியேம்மா, கால் வீங்கியிருக்கு பாரு. வா, கேன்டீன்ல சூடா பால் குடிச்சிட்டு வருவோம். அம்மாவை அக்கா பாத்துப்பாங்க."

இருவரும் போனார்கள். டாக்டர் வந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா? வலி எத்தனை?"

குருவம்மாள் வாசலைப் பார்த்தாள். சகாயமேரியைப் பார்த்தாள். சகாயமேரி வாயைத் திறக்கவில்லை. தலையணையை மட்டும் சரிசெய்தாள்.

"எட்டு டாக்டர்" என்றாள் குருவம்மாள். சொன்னதும் அழுதாள்.

அன்றே மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் சகாயமேரி போனபோது குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரசஞ்சாதம் சாப்பிட்டிருந்தாள். பழைய வேட்டித் துணியை மடியில் போட்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது தெய்வானை.

"இப்ப எத்தனைம்மா?"

"ரெண்டு" என்றாள். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் இந்த முறை குருவம்மாளின் முகமும் அதையே சொன்னது.

சகாயமேரி மனம் நிறைந்து பஸ் ஏறினாள். பாதி வழியில் மடியில் இருந்த ஆய்வுக் கோப்பைத் திறந்தவளுக்குத் திக்கென்றது. இருபத்தொன்பது தாள். புருஷன், மருமகள், அண்ணன், பேத்தி... யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் அவள் கேட்டிருந்தாள். ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு.

கல்லூரிக்கு வந்ததும் அந்த ஆய்வுக் கோப்பை நப்பின்னையின் மேஜையில் வைத்தாள்.

"எல்லாமே தப்பா மேடம்? கிழிச்சிப் போட்டுரவா?"

நப்பின்னை முதல் தாளை எடுத்துப் படித்தாள். அடுத்ததையும் படித்தாள். பிறகு தாள்களை அடுக்கி, ஒரு பேனாவோடு அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கிழிக்காதீங்க அக்கா. நாளைக்குப் போய் ஒவ்வொருத்தரையும் தனியாக் கேளுங்க. இந்தப் பழைய நம்பர் பக்கத்துல, அன்னைக்கு யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுதி வைங்க."