தேன் தடவிய நாக்கு

முன்னொரு காலத்தில், ஏரிகளுக்கு யாரும் இன்னும் பெயர் வைக்காத காலத்தில், கருமேகபுரம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். பெரியவர்களால் தீர்க்க முடியாத வழக்கு வந்தால், ராஜா பிள்ளைகளை அழைத்துச் சபை நடுவே நிறுத்திக் கேட்பார். பிள்ளை வாயில் பொய் வராது என்று அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. நல்ல வழக்கம்தான், கெடுக்க ஓர் ஆள் வந்து சேரும்வரை.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பெரிய ஏரி தளும்பி நின்றது. கீழ்க்கரைக்காரர்கள், "மதகைத் திற, நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும்" என்றார்கள். மேல்கரைக்காரர்கள், "மதகை மூடு, கோடைக்குத் தண்ணீர் வேண்டும்" என்றார்கள். கொடி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள், நிச்சயம் பண்ணிய கல்யாணத்தைக்கூட நிறுத்தினார்கள். கடைசியில் ராஜா சொன்னார்: "மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் சபை. கரைக்கு ஒரு பிள்ளை வரட்டும்."

மோப்பம் பிடித்ததுபோல வந்து சேர்ந்தான் தேன்வாயன் என்ற மந்திரவாதி. கையில் ஒரு கறுப்புக் கலயம், அதில் கறுப்புத் தேன்.

"ஒரு சொட்டு நாக்குல தடவுங்க. நீங்க நினைக்கிறதப் பிள்ளை பேசும். உங்களவிட நல்லாவே பேசும்" என்றான்.

கீழ்க்கரைக்கு வாசல் வழியாகப் போய் விற்றான். மேல்கரைக்குக் கொல்லை வழியாகப் போய் விற்றான்.

கீழ்க்கரைத் தலைவர் மாரப்பனுக்கு ஒரே மகள், பூவாத்தாள். வயது ஒன்பது. அவன் தேன் விற்ற அன்று காலை அவளும் மேல்கரைத் தோழி செண்பகமும் ஏரியில் நீந்தும்போது ஒன்றைப் பார்த்துவிட்டார்கள். மருதமரத்து வேரடியில் கரையில் ஓர் ஓட்டை. விரல் நுழையும் அளவு. தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இருவரும் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடினார்கள்.

"அப்பா, ஏரியில..." என்று பூவாத்தாள் ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்புறம். ஆ காட்டு தாயி" என்றார் மாரப்பன். தேன் நாக்கில் விழுந்தது.

கரையில் ஓட்டை என்று சொல்ல வாயைத் திறந்தாள். "மதகைத் திற! உழவர் உரிமையைப் பறிக்காதே!" என்று வந்தது. மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து ஏரிப்பக்கம் இழுத்தாள்; மதகைக் காட்டுகிறாள் என்றே நினைத்தார். "என்ன பேச்சு, என்ன பேச்சு" என்றார்.

மதகுக்காவலரிடம் ஓடினாள். "மதகைத் திற! உழவர் உரிமையைப் பறிக்காதே!" அவரும் கையைத் தட்டி, "என்ன பேச்சு, என்ன பேச்சு" என்றார்.

தெருமுனையில் செண்பகம் எதிரே வந்தாள். அவளுக்கும் அவள் அம்மா தேன் தடவியிருந்தாள். "மூடு" என்றாள் செண்பகம். "திற" என்றாள் பூவாத்தாள். இருவருமே சொல்ல வந்தது அதுவல்ல. கட்டிப்பிடித்து அழ வேண்டியவர்கள் நின்று கோஷம் போட்டார்கள், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. சுற்றி நின்ற பெரியவர்கள், "என்ன பேச்சு, என்ன பேச்சு" என்றார்கள். எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெரியவர்கள்மேல் கோபம்தான் வருகிறது.

மறுநாள் ஓட்டையில் கை நுழைந்தது. பூவாத்தாள் மண்ணை அள்ளி அள்ளி அடைத்தாள். தண்ணீர் தள்ளித் தள்ளி விட்டது. வேரடியிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது.

"வாயத் திறக்காத, உன் கோஷம் எனக்குத் தெரியும்" என்றது நண்டு. "நான் தோண்டுனது சின்ன வளைதான். அது இப்படி ஆகும்னு யாரு கண்டா? என் வீடும் போகுது. அதனால சொல்றேன், கேளு. அந்த ஆளு கலயம் கழுவையில முணுமுணுத்ததக் கேட்டேன். தேன் தடவுனவரே, பதில் தெரியாம உன்னை ஒரு கேள்வி கேக்கணும். கேட்டுட்டு, நீ பேசுற வரைக்கும் சும்மா இருக்கணும். அப்பத்தான் மாயம் தீரும். பெரியவங்க செய்யுற காரியமா அது?"

பூவாத்தாள் உட்கார்ந்து யோசித்தாள். அப்பாவுக்கு எல்லாப் பதிலும் தெரியும். அவள் பேசினாலும் அது அவர் பேச்சுதான். அப்படியானால் அவளுக்கென்று மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. பேசாமல் இருப்பது.

மூன்றாம் நாள் காலை. ஓட்டையில் குடம் நுழையும். கரைமேல் சபை கூடியது. பூவாத்தாள் போய்ச் செண்பகத்தின் கையைப் பிடித்து, தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். செண்பகம் தலையாட்டினாள்.

"மதகைத் திறக்கவா, மூடவா?" என்று கேட்டார் ராஜா.

இருவரும் பேசவில்லை. கோஷம் பல்லுக்குப் பின்னால் முட்டியது. பூவாத்தாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் பேசினதைச் சொல்லு தாயி" என்று கெஞ்சினார் மாரப்பன். பேசவில்லை.

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்குறியா?" என்று கையை ஓங்கினார். அப்போதும் பேசவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மகளின் உதட்டிலிருந்து ரத்தம் மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோஷம், கொடி, ராஜா, சபை எல்லாம் அவருக்கு மறந்துபோயின. மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? எனக்குத் தெரியலையே. நீயே சொல்லு."

தேன்வாயன் குறுக்கே புகுந்து, "பேசாம இருக்காதீங்க தலைவரே, எடுத்துக் கொடுங்க" என்றான். மாரப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திரி தொண்டையைச் செருமினார். எங்கோ ஒரு காகம் கத்தியது. மாரப்பன் காத்திருந்தார்.

பூவாத்தாளின் நாக்கிலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு உருண்டு கீழே விழுந்தது.

"அப்பா, கரை உடையப்போகுது. மருதமரத்தடியில ஓட்டை. செண்பகமும் பார்த்தா. மூணு நாளா இதத்தான் சொல்ல வந்தேன்."

"நிஜமாவாடி? நீ என்ன பார்த்த?" என்று செண்பகத்தின் அம்மா மகளைக் கேட்டாள், கேட்டுவிட்டு நின்றாள். அங்கேயும் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது.

அப்புறம் ஊரே ஓடியது. மண் வந்தது, வைக்கோல் வந்தது. அதுவும் போதாமல் இரண்டு கரைக்காரர்களும் கொடிக்கம்பைப் பிடுங்கி ஊன்றினார்கள், கொடித்துணியைச் சுருட்டித் திணித்தார்கள். உச்சிவேளைக்கு ஓட்டை அடைபட்டது. நண்டை வேறு மேட்டுக்குக் குடிபெயரச் சொன்னார்கள். அது முணுமுணுத்துக்கொண்டே போனது.

தேன்வாயன் நழுவப் பார்த்தான். விழுந்த சொட்டு இரண்டும் அவனைத் துரத்திப் போய் அவன் நாக்கிலேயே ஏறிக்கொண்டன. அன்றிலிருந்து அவன் ஒரே மூச்சில் "திற மூடு, திற மூடு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனிடம் வாங்க ஒருவரும் வரவில்லை.

மாலையில் ராஜா பூவாத்தாளை அழைத்தார். "இப்போது உன் நாக்கு உன்னுடையது. சொல் அம்மா, மதகைத் திறக்கவா, மூடவா?"

பூவாத்தாள் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுங்க ராஜா. அது உங்க வேலை. நாங்க நீந்தப் போகலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அந்த வழக்கத்தை அன்றே எடுத்துவிட்டார். இரண்டு கரைப் பெரியவர்களும் உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டு, மறுபடி பேசி, மதகைப் பாதி திறந்தார்கள். பிள்ளைகள் இறங்கி நீந்த மருதமரத்தடியில் கல்லால் படிக்கட்டு கட்டிக் கொடுத்தார்கள். அதில் பூவாத்தாளும் செண்பகமும்தான் முதலில் கால் வைத்தார்கள்.

கதை கரையேறிவிட்டது. கேட்ட பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஏதாவது ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.