விலங்கு மாட்டிய முரசு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டுக்குக் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

அந்த நாட்டு மன்னர் வீரகண்டருக்கு வழக்காடல் என்றால் உயிர். மாம்பழத்துக்குக் காம்பில் இனிப்பா நுனியில் இனிப்பா என்று ஒரு மாதம் சபையை வாதாட வைத்தவர். அதற்குள் பழம் அழுகிப் போனது வேறு விஷயம். காய்ச்சல் வந்ததும் அவருக்கு அதே ஆசைதான் வந்தது.

“காய்ச்சலை என்ன செய்வது என்று சபையில் வழக்காடுங்கள். அன்றைக்கு எந்தக் கட்சி வெல்கிறதோ, அதன் சொல்லே அன்றைய ஆணை” என்றார்.

உடனே கட்சிகள் முளைத்தன. கோட்டைக் கதவை அடைத்துவிட வேண்டும் என்றார் தளவாய். அடைத்தால் காய்ச்சலுக்கு முன்னால் பசி கொன்றுவிடும், திறந்து வையுங்கள் என்றார் வணிகர் தலைவர். காய்ச்சலே இல்லை, வெயில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று மூன்றாவதாக ஒரு கட்சி. அதில் ஆள் குறைவு, சத்தம் அதிகம். வேடிக்கை பார்க்கச் சுற்று ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். திங்களன்று கதவை அடை என்று ஆணை. செவ்வாயன்று திற. புதனன்று இரு தரப்பும் சமம் என்று தீர்ப்பாகி, பாதிக் கதவை மட்டும் திறந்து வைத்தார்கள்.

ஆணையை ஊருக்குச் சொல்ல முரசு உண்டு, அதை அறையப் பெரியாண்டி உண்டு. அந்த நாட்டு வழக்கம் இது: முரசுச் சத்தம் கேட்டால் தெருவில் உள்ள அத்தனை பேரும் முச்சந்திக்கு வந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நிற்க வேண்டும். பெரியாண்டி முதலில் மன்னரின் இருபத்து நான்கு பட்டங்களைப் படிப்பான். அது முடிய ஒரு நாழிகை. பிறகுதான் ஆணை. பட்டங்களை இயற்றியவர் பிரதானி அனந்தப்பர். தம் தமிழைத் தெருத்தெருவாகப் படிக்கக் கேட்பதில் அவருக்கு அலாதி சுகம்.

அனந்தப்பருக்கு இந்த உலகத்தில் ஆகாதவன் ஒருவன்தான். அரண்மனை விகடன் கோனேரி. தாம் பாடும்போது கொட்டாவி விடும் மன்னர், கோனேரி தும்மினாலே சிரிக்கிறாரே என்ற எரிச்சல்.

இருபதாம் நாள், செக்கடித் தெருவில் ஒன்பது பேர் போனார்கள். அனந்தப்பர் சபையில் எழுந்தார்.

“மன்னவா, அந்தத் தெருவின் இரு முனையிலும் சுவர் எழுப்பி ஒரு மண்டலம் மூடிவிடலாம். உள்ளே இருப்பது உள்ளேயே முடியட்டும்.”

இருபது நாளாகக் கடித்துக் குதறிக்கொண்ட கட்சிகள் அன்றைக்குத்தான் ஒத்துப்போயின. எந்தக் கட்சிக்காரருக்கும் செக்கடித் தெருவில் வீடு இல்லை.

கோனேரிக்கு இருந்தது. அவன் தங்கை வடிவு அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

“மன்னவா, சுவரைப் பார்த்தால் காய்ச்சல் திரும்பிப் போய்விடுமா? அதனிடம் யாராவது கேட்டார்களா?” என்றான்.

அனந்தப்பர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். “விகடர் காய்ச்சலோடு பேசிப் பழகியவர் போலிருக்கிறது. அப்படியானால் அவரே அதைப் பிடித்துக் கட்டிச் சபையில் கொண்டுவந்து நிறுத்தட்டுமே.”

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துப் போயிற்று. “எட்டு நாள் தருகிறோம், கோனேரி. நோயைக் கட்டி இழுத்து வா. முடியாவிட்டால் சுவர் எழும்பும். நீயும் சுவருக்கு உள்ளே.”

கோனேரி நேராகச் செக்கடித் தெரு முனைக்குப் போனான். அங்கே செங்கல் வந்து இறங்கியாகிவிட்டது. காவலன் அதற்கு மேல் விடவில்லை. எட்டு வீடு தள்ளி வாசலில் வடிவு நின்றாள்.

“உடம்பு எப்படி இருக்கு?” என்று கத்தினான்.

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. எதிர் வீட்டு அக்காதான் நேத்து போயிட்டா.” பிறகு செங்கல் குவியலைப் பார்த்துச் சொன்னாள்: “நல்லா வெந்த கல்லாத்தான் எறக்கியிருக்காங்க. பச்சைக் கல்லா இருந்தாலாவது மழையில கரையும்.”

கோனேரிக்குச் சிரிப்பு வந்தது, வராமலும் போனது. அவன் வீட்டில் எல்லோருக்கும் இந்த வாய்தான்.

“முரசு வந்துச்சா இங்க?” என்று மட்டும் கேட்டான். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

“வராம? முந்தின வாரம் நாலு தரம். அடைங்கன்னு ஒருக்கா, தொறங்கன்னு ஒருக்கா. ஒவ்வொரு தரமும் ஒரு நாழிகை நின்னு கால் வீங்கிப் போச்சு. அந்த அக்கா தோள்லதான் சாஞ்சுக்கிட்டு நின்னேன்.”

கோனேரி விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தான்.

மறுநாள் முதல் தெருத்தெருவாக நடந்தான். வாசலுக்கு வெளியே நின்று இரண்டே கேள்வி கேட்டான்: முரசு என்றைக்கு வந்தது, முதல் காய்ச்சல் என்றைக்கு வந்தது. எல்லாத் தெருவிலும் முரசு வந்த நாலைந்து நாளில் காய்ச்சல் வந்திருந்தது. அடை என்ற ஆணைக்குப் பின்னும் வந்தது, திற என்ற ஆணைக்குப் பின்னும் வந்தது. அது எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

ஏழாம் நாள் ஆற்றுக்கு அக்கரையில் குயவர் தெருவுக்குப் போனான். அங்கே சாவு இல்லை.

“முரசு வரலையா?” என்று கேட்டான்.

சக்கரத்திலிருந்து கையெடுக்காமல் ஒரு குயவர் சொன்னார்: “எங்க தெருவுக்கு வர்றதில்லீங்க. மகாராசா பட்டமெல்லாம் எங்களுக்கு வெளங்காதுன்னு பிரதானி சொல்லிட்டாராம்.”

“காய்ச்சலுமா வரல?”

“சந்தைக்குப் போன ஒருத்தன் கொண்டாந்தான். அவனைத் தனிக் குடிசையில படுக்க வெச்சோம். வேளைக்கு ஒரு புதுச் சட்டியில கஞ்சி வெச்சுட்டு வருவோம். அவன் குடிச்சதும் சட்டியை அவனே ஒடைச்சுப் போட்ருவான். பொழைச்சுக்கிட்டான்.”

“யார் சொல்லி அப்படிச் செஞ்சீங்க?”

குயவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சட்டி ஒடைக்கறதுக்கு யாருங்க சொல்லணும்? எங்ககிட்ட இருக்கறதே அதுதான்.”

எட்டாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. கோனேரி காய்ச்சலோடு வருகிறான் என்றதும் மூன்று கட்சிக்காரர்களும் சுவரோரம் ஒதுங்கினார்கள். காய்ச்சலே இல்லை என்றவர்கள்தான் முதலில் ஒதுங்கினார்கள்.

நாலு காவலர் ஒரு வண்டியை இழுத்து வந்தார்கள். வண்டியில் இரும்புச் சங்கிலியால் இறுக்கிக் கட்டிய முரசு. பின்னால் பெரியாண்டி தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

“இது நம் முரசு அல்லவா?” என்றார் மன்னர்.

“ஆம் மன்னவா. தாங்கள் கட்டி இழுத்து வரச் சொன்ன குற்றவாளி.”

அனந்தப்பர் உறுமினார். “அரச முரசுக்கு விலங்கு மாட்டியது ராஜத் துரோகம், பிரபு. இவனை இப்போதே சுவருக்குள் தள்ள வேண்டும்.”

“தள்ளலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்” என்றான் கோனேரி. “நேற்றைய வழக்காடலில் வென்ற ஆணையை, வழக்கம் மாறாமல், அரண்மனை முற்றத்தில் ஒரு தரம் அறையச் சொல்லுங்கள். மேல்மாடத்திலிருந்து தாங்கள் பார்க்க வேண்டும்.”

சங்கிலி அவிழ்ந்தது. முரசு முழங்கியது. மடைப்பள்ளியிலிருந்து சமையற்காரர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். காவலர், பல்லக்குத் தூக்கிகள், தோட்டக்காரர், தாதிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வந்து துண்டை இடுப்பில் கட்டி நின்றார்கள். இடம் போதாமல் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு நின்றார்கள். பெரியாண்டி தொடங்கினான். மூவுலகும் நடுங்க முறுவலித்தவர், கடலைக் கண்டித்தவர், கதிரவனுக்கு நிழல் தந்தவர்... ஏழாம் பட்டத்தில் ஒருவன் இருமினான். பத்தாவதில் மூன்று பேர். பதினைந்தாவதில் ஒரு தாதி மயங்கிப் பக்கத்தில் நின்றவள் மேல் சாய்ந்தாள். மன்னர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அனந்தப்பரின் உதடுகள் பட்டங்களோடு சேர்ந்து அசைந்தன.

ஒரு நாழிகை கழித்து ஆணை வந்தது.

“ஆகவே, குடிமக்கள் நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது.”

முற்றம் கலைந்தது. பெரியாண்டி முரசோடு சபைக்குத் திரும்பினான். கோனேரி தெருக்களின் பெயரையும் நாட்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். குயவர் தெருவையும் சொன்னான்.

“அப்படியானால் குற்றவாளி முரசறைந்தவன்தான். இவன் தலையை வாங்க வேண்டும்” என்றார் அனந்தப்பர்.

பெரியாண்டி கும்பிட்ட கையோடு சொன்னான்: “எனக்குக் கொடுத்ததைத்தான் சாமி படிச்சேன். முதல் காய்ச்சலே எனக்குத்தான் வந்துச்சு. நாலு நாள் படுத்துக்கறேன்னு கேட்டேன். இருபத்து நாலும் வேற யாருக்கும் மனப்பாடம் இல்லைன்னுட்டாரு பிரதானி.”

மன்னர் அனந்தப்பரைப் பார்த்தார். பிறகு முரசைப் பார்த்தார். பிறகு, கதிரவனுக்கு நிழல் தந்தவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெல்ல, பிறகு கண்ணில் நீர் வர. அந்த நீர் முழுக்கச் சிரிப்பினால் வந்ததில்லை என்பது பக்கத்தில் நின்ற கோனேரிக்குத் தெரிந்தது.

“செங்கல்லை அள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்” என்றார் மன்னர். “குயவர் சட்டிகள் செக்கடித் தெருவுக்குப் போகட்டும். கோனேரி, உனக்கு என்ன வேண்டும், கேள்.”

“பொன் வேண்டாம் மன்னவா. தங்கள் பட்டங்களில் இருபத்து மூன்றை எனக்குக் கொடுத்துவிடுங்கள். ‘மன்னர் சொல்கிறார்’ என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியாண்டி நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவான், சனங்கள் வாசலில் நின்றே கேட்டுக்கொள்வார்கள்.”

மன்னர் கொடுத்தார். அனந்தப்பர் தம் கையாலேயே அவற்றை ஓலையில் எழுதித் தர வேண்டியதாயிற்று. சபை வழக்காடல் மட்டும் நிற்கவில்லை. காய்ச்சல் தணிந்தது தங்கள் யோசனையால்தான் என்று மூன்று கட்சிகளும் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இரண்டு மாதம் கழித்துக் கோனேரி செக்கடித் தெருவுக்குப் போனான். எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டு, தங்கை வீட்டுப் படியில் ஏறி, ஓலையைப் பிரித்து, “மூவுலகும் நடுங்க முறுவலித்தவர் வந்திருக்கிறார்” என்று தொண்டையைச் செருமினான்.

உள்ளே ஒரு சிசு சிணுங்கியது.

“அந்தப் பட்டத்தையெல்லாம் வாசல்லயே வெச்சுட்டு, கைகால் கழுவிட்டு உள்ள வாண்ணே” என்றாள் வடிவு. “இப்பத்தான் தூங்க வெச்சேன்.”