நின்று ஜெயித்த செம்பி

பனிக்காட்டில் செம்பி என்று ஒரு பெண் நரி இருந்தாள். நரி என்றதும் எதையோ திருடப் போகிறாள் என்று காத்திருக்காதீர்கள். இவள் ஓட்டக்காரி.

அந்தக் காட்டில் வருஷத்தில் பாதி நாள் பனிதான். காலில் இரண்டு நீளமான சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு ஊன்றுகோல்களோடுதான் எல்லா மிருகங்களும் போகும், வரும். குளிர்காலத்தில் பந்தயம் நடக்கும். ஆண்கள் மூன்று குன்றுகள் ஏறி இறங்க வேண்டும். பெண்களுக்கு ஒரே ஒரு குன்று. ஏன் என்று கேட்டால், "பெண்களுக்கு மூச்சு வாங்கும்" என்பார்கள். ஆண்களுக்கு மட்டும் வாங்காதா என்று யாரும் கேட்டதில்லை.

முதல் வருஷம் செம்பி கடைசியாக வந்தாள். அதுவும் உருண்டு வந்தாள். காடே சிரித்தது. அவள் அழுதுவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி பலகையைக் கட்டினாள். எல்லாரும் போய்ப் போய்க் கெட்டியான பாதையை விட்டுவிட்டு, யாரும் மிதிக்காத பனியில் தானே தடம் உழுது பழகினாள். அடுத்த வருஷம் நான்காவதாக வந்தாள். அதற்கு அடுத்த வருஷம் முதலாவது! அப்புறம் ஐந்து வருஷம் அவளை யாராலும் முந்த முடியவில்லை.

ஆறாவது முறை வென்ற கையோடு அவள் நடுவர் கரடியிடம் போனாள். கரடிக்குக் குளிர்காலம் என்றால் தூக்கம். பந்தயத்துக்காக எழுப்பிவிடுவதால் எப்போதும் எரிச்சலாகவே இருப்பார்.

"ஐயா, அடுத்த வருஷம் நான் மூணு குன்றும் ஓடணும்!"

"அப்படி வழக்கம் இல்லையேம்மா!" என்று கரடி கொட்டாவி விட்டார்.

பக்கத்தில் நின்ற ஓநாய் நெடுங்காலன் சிரித்தான். மூன்று குன்று ஓட்டத்தில் வருஷா வருஷம் ஜெயிப்பவன் அவன்தான்.

"ஓடட்டும் ஐயா! ஆனா ஒரு நிபந்தனை. இவ முதலாவதா வரலேன்னா, இனிமே எந்தப் பொண்ணும் பந்தயத்துக்கே வரக் கூடாது. அந்த ஒரு குன்றும் கிடையாது!"

"சரி!" என்றாள் செம்பி, யோசிக்காமல்.

"சரி, சரி! என்னைத் தூங்க விடுங்க!" என்றார் கரடி.

செய்தி கேட்டதும் அவள் தோழி புள்ளிமான் ஓடி வந்தாள்.

"ஏண்டி, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? நீ தோத்தா நாங்க எல்லாரும்ல வீட்டுல உக்காரணும்!"

செம்பிக்கு முகம் வாடிவிட்டது. புள்ளி கேட்டது நியாயம்தான்.

"தப்புதான் புள்ளி. வாயை விட்டுட்டேன். இனி ஜெயிச்சே ஆகணும்."

பந்தய நாளும் வந்தது. முதல் நாள் பெய்த பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. நெடுங்காலனுக்கு ஒரே குஷி. தன் கூட்டாளிகளான காட்டுப்பன்றியையும் காட்டுப்பூனையையும் ஒதுக்குப்புறமாக அழைத்தான்.

"புதுப் பனியில முதல்ல போறவங்கதான் தடம் உழணும். பின்னால வர்றவங்க அதுல சும்மா வழுக்கிட்டு வரலாம். மூணாவது குன்று வரைக்கும் அவளே உழட்டும். நாக்குத் தள்ளிடும். அப்புறம் நாம முந்திடலாம்!"

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஐயா, செம்பி நமக்குப் புது விருந்தாளி! அவளே முன்னால போகட்டும்!" என்றான்.

"ஆகா, என்ன பெருந்தன்மை!" என்று கரடி உருகிப்போனார்.

செம்பிக்குச் சூழ்ச்சி புரிந்தது. ஆனால் மறுக்க வழியில்லை. கிளம்பினாள்.

முதல் குன்றை உழுது ஏறினாள். இரண்டாவது குன்றில் தொடை எரிந்தது. பின்னால் மூவரும் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக, சீட்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது குன்றின் அடிவாரத்தில் செம்பி கொஞ்சம் மெதுவாகப் போனாள். அவர்களும் மெதுவாக வந்தார்கள். இன்னும் மெதுவாகப் போனாள். அவர்களும் அப்படியே! அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

மூவரும் நின்றுவிட்டார்கள்!

"ஏன் நின்னுட்டே?" என்று ஓநாய் கத்தினான்.

"மூச்சு வாங்கிக்கிறேன் அண்ணே. அவசரம்னா நீங்க முன்னால போங்களேன்!"

ஓநாய் எட்டிப் பார்த்தான். முன்னால் ஒரு கோடுகூட இல்லாத பனி.

"டேய் பன்றி, நீ போ!"

"நான் உழுவேன், நீ சொகுசா வந்து முந்துவியா? பூனையை அனுப்பு!"

"நான் பனியில முங்கிடுவேன்! தலைவர்தான் போகணும்!"

"தலைவன் எங்கேயாவது உழுவானாடா?"

சண்டை வலுத்தது. செம்பி நிதானமாக மூச்சு வாங்கினாள். ஆனால் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கி, பலகையின் அடியை ஊன்றுகோலால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஓடிச் சூடான பலகையைப் புதுப் பனியில் அசையாமல் வைத்தால், அடியில் பனி உருகி, மறுபடி உறைந்து கட்டியாக ஒட்டிக்கொள்ளும். உழுது பழகியவளுக்கு அது தெரியும். அடுத்தவர் தடத்திலேயே வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூச்சு சீரானது. விருட்டென்று பாய்ந்தாள்!

"பிடிங்கடா!" என்று ஓநாய் காலை உதைத்தான். பலகை நகரவில்லை. அடியில் பூசணிக்காய் பருமனுக்குப் பனிக்கட்டி! குப்புற விழுந்தான். அவன் மேல் பன்றி. பன்றி மேல் பூனை.

தட்டி உதறிக்கொண்டு எழுவதற்குள் செம்பி மூன்றாவது குன்றின் உச்சியைத் தொட்டுவிட்டாள். ஆனால் ஓநாயின் காலில் களைப்பே இல்லை. அவள் போட்ட தடத்தில் புயலாக வந்தான். இறக்கத்தில் அவன் மூச்சுச் சத்தம் அவள் காதில் விழுந்தது. புள்ளியின் முகம்தான் கண்ணில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கோலை ஊன்றித் தள்ளினாள். மூன்று பலகை நீளத்தில் முந்தி எல்லைக் கோட்டைத் தாண்டினாள்!

காடு அதிர்ந்தது!

"செல்லாது! நடுவுல நின்னா!" என்று ஓநாய் குதித்தான்.

கரடி முதல்முறையாக நன்றாக விழித்துக்கொண்டார். "நிக்கக் கூடாதுன்னு வழக்கம் எதுவும் இல்லையேப்பா! நீயும்தானே நின்னே? உன்னை யாரு நிக்கச் சொன்னது?"

புள்ளி ஓடி வந்து செம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், செல்லமாக ஒரு குட்டும் வைத்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் பதினொரு பெண்கள் மூன்று குன்று ஓட்டத்துக்கு வந்து நின்றார்கள். அன்றும் புதுப் பனி. "கொஞ்ச தூரம் நீ உழு, கொஞ்ச தூரம் நான் உழறேன்!" என்று முறைவைத்துக்கொண்டு போனார்கள். முதல் நான்கு இடமும் அவர்களுக்கே. செம்பிதான் முதலாவது. அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அவளேதான் முதலாவது!

அடுத்தவர் போட்ட தடத்தில் சொகுசாக வருகிறவர்கள் பின்னால்தான் நிற்பார்கள். தடம் போடத் துணிந்தவர்களுக்கே வெற்றி.