தாடியில் ஒரு வெளிர்ப் பட்டை

மலைச்சரிவில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி வல்லியம்மை. அவருக்கு நாற்பது வயது. சீடர்கள் பத்துப் பேர். அவர்களில் மூத்தவர் சமையல் பார்க்கும் நீலமேகம். அவருக்கு ஐம்பத்தெட்டு.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து ஆண்டுகள் முடித்தவர், காவி வாங்குவதற்கு முன், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தன் ஐந்து ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாக்கியம். கேட்பவர்களில் ஒருவர் எழுந்து போய்விட்டாலும் காவி கிடையாது. மூட்டை கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியதுதான்.

நீலமேகத்தின் முறைக்கு இருபது நாள் இருந்தது. அவர் வல்லியம்மையிடம் வந்து நின்றார்.

“தாயே, நான் நாலு ஆண்டுகளை மட்டும் சொல்லலாமா?”

“எதை விடப் போகிறீர்கள்?”

“மூன்றாவதை.”

மூன்றாம் ஆண்டில் மழை இல்லை. மடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு மூட்டைக் கேழ்வரகு. ஒருநாள் விடிந்தபோது மூட்டையையும் காணவில்லை, நீலமேகத்தையும் காணவில்லை. மற்றவர்கள் நாற்பது நாள் காட்டுக் கிழங்கைத் தின்றார்கள். பரஞ்சோதி என்ற சீடர் அது ஒத்துக்கொள்ளாமல் படுத்த படுக்கையாகி, அரும்பாடுபட்டுப் பிழைத்தார். மழை வந்து வெகுநாள் கழித்து நீலமேகம் வெறுங்கையோடு திரும்பினார். “அடுப்பு அணைந்து கிடக்கிறது” என்று மட்டும் வல்லியம்மை சொன்னார். நீலமேகம் போய்ப் பற்றவைத்தார். அதைப் பற்றி அன்றும் பிறகும் யாரும் பேசவில்லை.

இப்போது வல்லியம்மை கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நாலைந்து வான்கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மேலே தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனவற்றின் வம்சம். காட்டிலேயே பெருகிக் காட்டுப் பறவையாகவே ஆகிவிட்டது.

வான்கோழிச் சேவலின் நெஞ்சிலிருந்து குதிரைவால் மயிர் போல ஒரு கருங்கொத்து தொங்கும். அதைத் தாடி என்பார்கள். அங்கிருந்த பெரிய சேவலின் தாடியில், நுனிக்குச் சற்று மேலே, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெளிறிய செம்பட்டை நிறம் ஓடியது.

“அந்தப் பட்டையைக் கருப்பாக்கிவிட்டு வாருங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.”

சேவல் கிட்டே விடவில்லை. நீலமேகம் தினமும் ஒரு பிடி தானியம் இறைத்து, முதல் நாள் பத்து முழம் தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் ஒன்பது முழம். பரஞ்சோதி வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

“அண்ணே, அதற்குப் பரிமாறுவது முடிந்தால் எங்களுக்கும் கொஞ்சம் சோறு போடுங்கள்.”

எட்டாம் நாள் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துச் சேவலைப் பிடித்தார். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் பட்டையில் தடவினார். சேவல் உதறியது. பாதிக் கரி அவர் முகத்தில்.

“சாயம் யாருக்கு அண்ணே, சேவலுக்கா உங்களுக்கா?” என்றார் பரஞ்சோதி.

விட்டவுடன் சேவல் புழுதியில் புரண்டு எழுந்தது. பட்டை பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து, கரிசலாங்கண்ணியை அரைத்துப் பூசினார். அதுவும் இரண்டு நாள்தான் நின்றது. பதினைந்தாம் நாள் கத்தரிக்கோலோடு போனார். தாடியை இடக்கையில் பிடித்தார். பட்டையை வெட்டினால் அதற்குக் கீழே இருக்கும் கருப்பும் சேர்ந்து விழும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மயிரைத் தடவிப் பார்த்தார். கருப்பு மயிர் வழவழவென்று இருந்தது. வெளிர் மயிர் மெலிந்து சொரசொரத்தது. அழுத்தினால் ஒடிந்துவிடும் போலிருந்தது. அதுவரை ஒடியவில்லை. விரல் வைத்து மேலும் கீழும் அளந்தார். பிறகு சேவலை விட்டுவிட்டார்.

மாலையில் வல்லியம்மையிடம் போனார்.

“பட்டை அப்படியேதான் இருக்கிறது, தாயே.”

“வேறென்ன பார்த்தீர்கள்?”

“தாடி நெஞ்சிலிருந்து வளர்ந்து இறங்குகிறது. நுனிதான் பழசு. பட்டைக்குக் கீழே மூன்று விரல் கருப்பு. மேலே பத்து விரல் கருப்பு.”

“பட்டை எப்போது வளர்ந்தது?”

நீலமேகம் விரல்களை மடக்கி எண்ணினார்.

“மழை பொய்த்த அந்தக் கோடையில்தான். அதற்கும் தீனி கிடைத்திருக்காது.”

“அதற்குப் பிறகு அது என்ன செய்தது?”

“மேய்ந்தது.”

வல்லியம்மை தலையசைத்தார். “உங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமா?”

“வேண்டாம் தாயே. உலை கொதிக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

அந்த நாள் வந்தது. காலை வெயிலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பரஞ்சோதி முன்வரிசையில் இருந்தார். நீலமேகம் எதிரே தனியாக உட்கார்ந்தார்.

“முதல் ஆண்டு, பாத்திரம் தேய்த்தேன்.”

எல்லோரும் கேட்டார்கள்.

“இரண்டாம் ஆண்டு, தினமும் உப்பைக் கூடுதலாகப் போட்டேன், நீங்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.”

“சுளித்தோம். நீங்கள் பார்க்கவில்லை” என்றார் பரஞ்சோதி. சிலர் சிரித்தார்கள்.

நீலமேகம் சிரிக்கவில்லை.

“மூன்றாம் ஆண்டு, பசிக்குப் பயந்து, உங்கள் எல்லோருடைய கேழ்வரகையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.”

காற்று இல்லை. கிணற்றடியில் பறவைகள் மண்ணைக் கிளறும் சத்தம் மட்டும் கேட்டது. பரஞ்சோதி தரையில் கையை ஊன்றினார். ஒரு காலை நிமிர்த்தினார். நீலமேகத்தின் கண் அந்தக் காலிலேயே நின்றது.

பரஞ்சோதி மரத்துப்போன காலை நீவிவிட்டு, மறுபடி மடக்கி உட்கார்ந்தார்.

யாரும் எழவில்லை. நீலமேகம், எழுந்து போய்விடலாமா என்பதுபோல வல்லியம்மையைப் பார்த்தார்.

“நாலாம் ஆண்டைச் சொல்லுங்கள்” என்றார் வல்லியம்மை.